லைவ் ராக்கா, டிரை ராக்கா? கடல்நீர்த் தொட்டி தொடங்குமுன் எடுக்க வேண்டிய முடிவு

கடல்நீர் மீன்தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் மீனைத்தான் முதலில் முடிவு செய்கிறார்கள். கோமாளி மீன் ஒரு ஜோடி, நீல டாங் ஒன்று என்று மனசுக்குள் பட்டியல் தயாராகிவிடும். பாறை கடைசியில், கையில் மிச்சமிருக்கும் காசுக்கு வாங்குகிற பொருளாகிவிடுகிறது. நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். எந்தப் பாறை என்பதைப் பொறுத்துத்தான் தொட்டி எத்தனை வாரத்தில் மீனுக்குத் தயாராகும், ராத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே யார் யார் நடமாடுவார்கள் என்பதெல்லாம் இருக்கிறது.

லைவ் ராக் என்று கடைக்காரர் சொல்வது, செத்த பவளத்தின் சுண்ணாம்புக் கூடுதான். உயிர் இருப்பது அதன் மேலும் உள்ளும் குடியேறியவற்றில். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். பாறையின் அடி ஆழத்தில், ஆக்சிஜன் எட்டாத நுண்துளைகளில் இருப்பவை நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். பெரிய ஃபில்டர் எதுவும் இல்லாமல் பாறையையும் காற்றுக் குமிழியையும் மட்டும் நம்பிக் கடல் மீன் வளர்த்த கதையை ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961-லேயே எழுதினார். பிறகு ஜெர்மனியில் லைவ் ராக்கோடு, கழிவை நுரையாக்கி அகற்றும் புரோட்டீன் ஸ்கிம்மரையும் சேர்த்து நடத்திய முறை ‘பெர்லின் முறை’ என்று பெயர் பெற்றது. இன்றைக்கு வீடுகளில் இருக்கும் பவளத் தொட்டிகள் பெரும்பாலும் அதன் வாரிசுகளே.

தேர்வு என்று பார்த்தால் நான்கு. கடலிலிருந்து நேரே எடுத்த பாறை. கடலில் போட்டு வளர்த்து எடுத்த பாறை. உயிரே இல்லாத டிரை ராக். டிரை ராக்கோடு கொஞ்சம் உயிர் விதை சேர்ப்பது.

முதலாவது, இந்தியாவில் இருப்பவர்களுக்குத் தேர்வே இல்லை. பாறைகளை உருவாக்கும் பவளங்கள் அனைத்தும் 2001-லிருந்து வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. யானைக்கும் புலிக்கும் என்ன பாதுகாப்போ அதேதான். செத்த பவளத்துக்கும் விலக்கு இல்லை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே 21 தீவுகளில் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டைக் கடலுக்குள் அனுப்பிவிட்டோம். ராமேஸ்வரம் பக்கம் போனபோது கரையில் கிடந்தது என்று ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் குற்றம்தான். சென்னைக் கொளத்தூர் போன்ற அலங்கார மீன் சந்தையில் யாராவது ‘ஒரிஜினல் கடல் பாறை’ என்று காட்டினால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், பில் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் மீன் தீனி மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

வெளிநாட்டிலும் இந்தக் கதவு மெல்ல மூடிக்கொண்டுதான் வருகிறது. புளோரிடா மாநிலக் கடற்பகுதியில் லைவ் ராக் எடுப்பதை 1989-லேயே தடுத்தார்கள். 1997-க்குள் அதற்கு வெளியே உள்ள கூட்டரசுக் கடலிலும் நிறுத்தினார்கள். அதற்கு மாற்றாகப் பிறந்ததே வளர்ப்புப் பாறை. குத்தகைக்கு எடுத்த கடல்தரையில் சுண்ணாம்புக் கற்களைக் கொட்டி, ஓரிரு வருஷம் விட்டு, மேலே உயிர்கள் படிந்த பிறகு முக்குளித்து எடுப்பார்கள். கனடாவிலோ லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வாசகர்கள் லைவ் ராக் வாங்கியே தீருவது என்றால், வளர்த்த பாறையா என்று கேட்டு வாங்குவதுதான் கௌரவமான வழி. ஊதாப் பூச்சு போலப் படரும் கோரலைன் பாசி, கடற்பஞ்சு, குட்டிக் குட்டிக் கோப்பிபாட் பூச்சிகள் என்று ஒரு முழுக் கிராமமே கூட வரும். தொட்டி நிலைப்படுவதில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் கிராமம் என்றால் அதில் ரௌடிகளும் உண்டு. அவர்களைப் பற்றிப் பிறகு.

இன்னொரு சங்கடம், பயணத்தில் பாதி உயிர்கள் செத்துப்போகும். ஈரச் செய்தித்தாளில் சுற்றி வரும் பாறையை அப்படியே தொட்டியில் வைத்தால் அழுகல் நாற்றமும் அம்மோனியாவும் எகிறும். தனி டப்பில் உப்புநீர் ஊற்றி, பம்பு ஓடவிட்டு, வெளிச்சம் இல்லாமல், தண்ணீரை அவ்வப்போது மாற்றி, நாற்றம் போய் அம்மோனியா பூஜ்யம் காட்டும்வரை ‘க்யூர்’ செய்ய வேண்டும். இரண்டு வாரத்திலும் முடியும், ஆறு வாரமும் ஆகும். ஆக, லைவ் ராக் வாங்கினால் அன்றைக்கே மீன் விடலாம் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

டிரை ராக்கில் இந்தத் தலைவலி இல்லை. விலை குறைவு. சுத்தியலால் உடைத்து, ஒட்டி, குகையும் பாலமுமாக நிதானமாக அமைக்கலாம், எதுவும் சாகாது. பூச்சி பொட்டு எதுவும் வராது. விலையாகக் கொடுப்பது பொறுமையை. பாக்டீரியாவை நாம்தான் குடியேற்ற வேண்டும். பாட்டிலில் வரும் பாக்டீரியாவை ஊற்றி, அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் காட்டும் அளவுக்கு அம்மோனியம் குளோரைடைச் சேர்த்து, தினம் சோதித்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம். போட்ட அம்மோனியா 24 மணி நேரத்தில் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யம் என்றால் முதல் மீன் வரலாம். அதற்குப் பிறகும் பழுப்புப் படிவு, முடிப்பாசி, சிலசமயம் சளி மாதிரி டைனோஃப்ளாஜெல்லேட் என்று சில மாதங்கள் தொட்டி பார்க்கச் சகிக்காது. காலி மனையில் முதலில் முளைப்பது களைதானே. இந்தக் கட்டத்தில்தான் பலர் மனம் வெறுத்துத் தொட்டியை விற்கிறார்கள்.

நம் ஊரில் பவளம் கலக்காத செராமிக் பாறையோ சிமெண்டில் வார்த்த பாறையோ போதும். சிமெண்ட் பாறையை வீட்டிலேயே வார்ப்பவர்கள், தண்ணீரின் பி.எச். 8 சொச்சத்துக்கு இறங்கும்வரை வாரக்கணக்கில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டால் காரம் மீனைக் கொன்றுவிடும்.

என் ஓட்டு நான்காவது வழிக்கு. டிரை ராக்கை அடுக்கிவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவரின் தொட்டியிலிருந்து, அங்கே பல மாதம் ஊறிய செராமிக் ஃபில்டர் துண்டுகள் ஒரு கைப்பிடியும் மணல் ஒரு டம்ளரும் வாங்கிப் போடுங்கள். அந்த நண்பரின் தொட்டியை முதலில் ஒருமுறை ராத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வாங்குவது உத்தமம். வெளிநாட்டு வாசகர்கள் அந்த இடத்தில் வளர்ப்புப் பாறை இரண்டு மூன்று கிலோ சேர்த்தால் போதும். தொட்டி முழுக்க அதையே நிரப்பப் பணம் கொட்ட வேண்டாம். மிச்சமாகும் காசைச் சென்னைக்காரர்கள் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லருக்கு ஒதுக்குங்கள். தண்ணீர் 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும். மே மாதத்தில் சில்லர் இல்லாமல் அது 30-ஐத் தாண்டும். அப்போது எந்தப் பாறையும் காப்பாற்றாது.

இனி டிக்கெட் வாங்காமல் வந்தவர்கள். விதையாக வாங்கிய ஒரு கைப்பிடியிலும் வரலாம், பின்னால் வாங்கும் பவளத் துண்டின் அடியிலும் வரலாம் என்பதால் டிரை ராக்காரர்களும் இதைப் படிக்க வேண்டியதுதான். புதிதாக வரும் எதையும் இரண்டு மூன்று வாரம் மணல் இல்லாத வெறும் டப்பில் வையுங்கள். விளக்கு அணைத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு வெளிச்சத்தில் பாருங்கள். பல உயிர்கள் சிவப்பைப் பொருட்படுத்துவதில்லை.

பார்த்தவுடன் கொல்லாதீர்கள். முள்ரோமம் அடர்ந்த பிரிசில் புழுவைக் கண்டதும் அலறுகிறவர்கள் அதிகம். பெரும்பாலானவை மிச்சத் தீனியைத் தின்னும் துப்புரவாளர்கள்தாம். எண்ணிக்கை கூடினால் நீங்கள் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம். வெறும் கையால் மட்டும் தொடாதீர்கள். முள் ஏறிவிட்டால் செல்லோ டேப்பை ஒட்டி உரித்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

அய்ப்டேசியா வேறு கதை. பழுப்பும் கண்ணாடியுமாக, மெல்லிய தண்டில் நீண்ட கைகளோடு ஆடும் சின்னக் கடல் சாமந்தி. விரல் கிட்டே போனால் விருட்டென்று துளைக்குள் இழுத்துக்கொள்ளும். பவளத்தைக் கொட்டிக் காயப்படுத்தும். இதைச் சுரண்டி எடுப்பதுதான் செய்யவே கூடாத காரியம். கிழிந்த அடிப்பாகத்தின் துணுக்கு ஒவ்வொன்றும் புதிதாக ஒன்றாக வளரும். ஒன்றிரண்டு என்றால், பம்பை நிறுத்திவிட்டு, சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடைக் கூழாகக் குழைத்து, சிரிஞ்சில் எடுத்து அதன் வாயின் மேல் மெதுவாக விடுங்கள். தீனி என்று நினைத்து விழுங்கும். ஒரே நாளில் நாலைந்துக்கு மேல் வேண்டாம், பி.எச். ஏறிவிடும். நிறைய இருந்தால் பெப்பர்மிண்ட் இறால் விடலாம். அதைப் போலவே தோன்றும் ஒட்டக இறாலைத் தந்துவிடுவார்கள், அது பவளத்தையே கொறிக்கும். பெர்கியா என்ற கடல் நத்தை அய்ப்டேசியாவைத் தவிர வேறு எதையும் தின்னாது. சுத்தமான தீர்வு, ஆனால் வேலை முடிந்ததும் பட்டினியில் சாகும், அடுத்தவருக்குக் கைமாற்றிவிடுங்கள்.

பச்சைக் கண்ணாடிக் குண்டுபோல ஒட்டியிருக்கும் வலோனியா பாசியைத் தண்ணீருக்குள் உடைக்காமல், பாறையை வெளியே எடுத்துப் பெயர்த்துவிடுங்கள். நண்டுகளில், உடம்பெல்லாம் ரோமமும் கொடுக்கு நுனியில் கறுப்புமாக இருப்பதை நம்ப வேண்டாம். கண்ணாடி டம்ளருக்குள் இறால் துண்டு ஒன்றைப் போட்டு, பாறையில் சாய்த்து வைத்துத் தூங்கப் போங்கள். உள்ளே இறங்கிய நண்டு வழுக்கும் கண்ணாடியில் ஏறமுடியாமல் காலையில் உட்கார்ந்திருக்கும்.

ராத்திரியில் ‘டக், டக்’ என்று சத்தம் கேட்டால் இரண்டில் ஒன்று. பிஸ்டல் இறால் என்றால் பெரும்பாலும் பயமில்லை. மாண்டிஸ் இறால் என்றால் நத்தை, நண்டு, மீன் எதுவும் மிஞ்சாது. மயில் மாண்டிஸின் அடி வினாடிக்கு 23 மீட்டர் வேகம். விரலை நீட்டிப் பார்க்காதீர்கள். அது புகுந்த பாறையை அடையாளம் கண்டு, வழக்கமான 1.025-க்குப் பதில் 1.035-லிருந்து 1.040 வரை அடர்த்தியுள்ள உப்புநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். இங்கிலாந்தின் நியூகி ஊரிலுள்ள ப்ளூ ரீஃப் காட்சியகத்தில் பவளங்கள் சேதமாகிக்கொண்டே இருக்க, 2009-ல் பாறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது நாலடி நீளக் கடற்புழு அகப்பட்டது. ‘பேரி’ என்று பெயர் வைத்தார்கள். காட்சியகத்துக்கே கண்ணில் படாதது நம் வீட்டில் படாமல் போவதில் வியப்பில்லை.

பூச்சியை ஒழிக்கிறேன் என்று காப்பர் மருந்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். இறால், நத்தை, பவளம் அத்தனையும் போகும், பாறையிலும் படிந்துவிடும். அதைவிட முக்கியம்: பாறையை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடவோ, வெந்நீர் ஊற்றித் தேய்க்கவோ கூடவே கூடாது. பாலிதோவா போன்ற பொத்தான் பவளங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம்; ஆவியோடு சேர்ந்து அது நுரையீரலுக்குப் போகும். 2018-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் தொட்டியைச் சுத்தம் செய்த ஒரு வீட்டில் குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போனது; உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் போனார்கள். அப்படிப்பட்ட பாறையைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

கடைசியாக ஒன்று. வேண்டாத உயிரையோ, பாறையையோ, தொட்டித் தண்ணீரையோ கடலிலும் கால்வாயிலும் கொட்டாதீர்கள். 1984-ல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்தின் அடியில் ஒரு சிறு திட்டாகக் காணப்பட்ட மீன்தொட்டிப் பாசியான காலெர்பா, மத்தியதரைக் கடலில் பரந்துவிட்டது. அதே பாசி 2000-ல் கலிபோர்னியாவில் தென்பட்டபோது, தார்ப்பாய் போட்டு மூடிக் குளோரின் விட்டு ஒழிக்க ஆறு வருஷமும் 70 லட்சம் டாலருக்கு மேலும் ஆனது. பழைய தண்ணீரை வாளியில் பிடித்து, பிளீச் ஊற்றி ஒரு நாள் வைத்திருந்து, பிறகு வீட்டுச் சாக்கடையில் விடுங்கள்.