ரெண்டு மணிக்கு மேல் திறக்கும் கடை

திருப்பூரிலிருந்து சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்பெயினுக்குப் போகிற எங்கள் பின்னலாடைத் தொழில்காரர்கள் பலர் அங்கே மதியச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடுவதே இல்லை. காலையில் ஓட்டல் அறை வாடகையோடு சேர்த்துக் கொடுக்கிற ரொட்டியையும் பழத்தையும் தின்றுவிட்டுக் கிளம்புவார்கள். பன்னிரண்டரைக்கெல்லாம் பசி எடுத்துவிடும். அந்த நேரத்தில் போனால் கடையில் மேசைகூட விரித்திருக்க மாட்டார்கள். கடைசியில் ஏதாவது பர்கர் கடை. இல்லையென்றால் ராத்திரி அறைக்குத் திரும்பி, வீட்டில் கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சல். "அந்த ஊர்ல சாப்பிடறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க" என்று ஊருக்கு வந்து சொல்வார்கள்.

எனக்குச் சொந்த ஊர் ஊத்துக்குளி, வேலை திருப்பூரில் மெர்ச்சண்டைசர். அந்தப் பக்கம் சாப்பாட்டுக்காகவே போகலாம் என்று நினைக்கிற ஆள் நான். அதனால் புதிதாகப் போகிற தம்பிகளுக்குச் சில விஷயங்களைச் சொல்லிவைக்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. பார்சிலோனாவிலிருந்து கடலோரமாகவே முப்பது கிலோமீட்டர் போனால் மத்தாரோ. ஐபீரியத் தீபகற்பத்தின் முதல் ரயில் 1848இல் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில்தான் ஓடியது. இன்றைக்கும் அதே வழியில்தான் ரயில் போகிறது. போகும்போது வலப்பக்கம் ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள், கடல் முழுக்க அந்தப் பக்கம்தான். மத்தாரோ பழைய பின்னலாடை ஊர். ஒரு காலத்தில் ஊரே பனியனும் காலுறையும் பின்னிக்கொண்டிருந்தது. இப்போது பழைய மில் ஒன்றைக் கான் மார்ஃபா என்ற அருங்காட்சியகமாக்கி, வட்டப் பின்னல் இயந்திரங்களை அதில் துடைத்து வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இரவுபகலாக ஓடுகிற நிட்டிங் மெஷினின் தாத்தாக்களை அங்கே சத்தமில்லாமல் பார்க்க என்னவோ போலத்தான் இருக்கும். திருப்பூர் ஏற்றுமதிக் கதையின் தொடக்கமும் மத்தியதரைக்கடல் பக்கம்தான்: 1978இல் வெரோனா என்ற இத்தாலிக்காரர் பம்பாய் ஏற்றுமதியாளர்கள் மூலமாக வெள்ளை டி-சர்ட் தேடி இங்கே வந்தார் என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்வார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். முதல் பாடம் கடிகாரம். அங்கே மதியச் சாப்பாடு ரெண்டு மணிக்கு. மூன்றரை வரை நடக்கும். ஒன்றரைக்கு முன்னால் போய்க் கதவைத் தட்டினால் வெளியூர்க்காரர் என்று முகத்திலேயே எழுதி ஒட்டிக்கொண்ட மாதிரி. பதினொரு மணிக்குக் காபியோடு சின்னதாக ஒரு ரொட்டி சாப்பிட்டுத் தாக்குப்பிடித்துக்கொள்ளுங்கள், அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான் செய்கிறார்கள்.

இந்தக் கடிகாரம் திருப்பூரில் உட்கார்ந்திருப்பவருக்கும் உதவும். கோடையில் அவர்களுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. அவர்கள் சாப்பிடப் போகிற ரெண்டு மணி நமக்குக் கோடையில் மாலை ஐந்தரை. லேப் டிப் (சாய மாதிரி) அப்ரூவல் இன்றைக்கே வேண்டுமென்றால் நம் நேரம் நாலு மணிக்குள் மெயில் போய்ச் சேர வேண்டும். ஐந்தரைக்கு மேல் அனுப்பிவிட்டு "பையர் ரிப்ளையே பண்ணல" என்று டையிங்காரரிடம் புலம்பி என்ன பிரயோஜனம்? அவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஆகஸ்டில் சாப்பாட்டுக்கு மட்டுமல்ல, ஊரை விட்டே போயிருப்பார்.

அடுத்தது, எந்தக் கடைக்குள் நுழைவது. கடற்கரையைப் பார்த்த மாதிரி, வாசலில் படம் போட்ட மெனு அட்டையோடு ஆள் நின்று கூப்பிடுகிற கடைகளை விட்டுவிடுங்கள். ரெண்டு தெரு உள்ளே நடந்தால் சின்னக் கடைகள் இருக்கும். பத்துப் பதினைந்து மேசை, காகித விரிப்பு, வாசலில் சாக்பீஸால் எழுதிய கரும்பலகை. அதில் 'மெனு டெல் தியா' என்று இருந்தால் போதும். நம் மெஸ்ஸில் அளவுச் சாப்பாடு கிடைக்கிற மாதிரிதான் அதுவும்: ஒரே விலை, எல்லாம் அதற்குள் அடக்கம். முதல் தட்டு ஒன்று, இரண்டாம் தட்டு ஒன்று, ரொட்டி, குடிக்கத் தண்ணீரோ ஒயினோ, கடைசியில் இனிப்போ காபியோ. பெரும்பாலும் 12 யூரோவிலிருந்து 18 யூரோவுக்குள் முடிந்துவிடும். 1960களில், ஃபிராங்கோ ஆட்சியில், சுற்றுலாப் பயணிகளுக்காக அரசாங்கம் கொண்டுவந்த ஏற்பாடு இது. இன்றைக்கு அதைச் சாப்பிடுகிறவர்களெல்லாம் உள்ளூர் ஆபீஸ்காரர்களும் கட்டட வேலைக்காரர்களும்தான். ஓர் ஆளுக்கு ஒரு மெனு என்பது கணக்கு. ஒன்றை வாங்கி இருவர் பங்கு போட்டுக்கொள்வது நாகரிகமில்லை.

வியாழக்கிழமை போனால் முதல் தட்டில் பாயேலா என்ற அரிசிச் சாப்பாடு இருக்க நல்ல வாய்ப்பு. அரிசி சாப்பிடாமல் நாக்கு செத்துப்போனவர்கள் பையர் மீட்டிங்கை வியாழனுக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அது குழைந்த சோறில்லை. அரிசி நடுவில் கொஞ்சம் நறுக்கென்றுதான் நிற்கும். சட்டியின் அடியில் பிடித்த பகுதிக்கு அங்கே போட்டியே நடக்கும்.

சைவக்காரர்களுக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது. என்னோடு வந்த தம்பி ஒருவர் சாலட் என்று ஆசையாக வாங்கினார். முள்கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுக்குள்ள என்னமோ மீனு கெடக்குதுங்க" என்றார். சூரை மீன். அங்கே அதைப் போடாமல் சாலட் கொடுப்பதுதான் அபூர்வம். பருப்புச் சுண்டல் மாதிரி தெரிகிற கிண்ணத்துக்குள் பன்றிக்கறித் துண்டு கிடக்கும். காய்கறிச் சூப்பைக் கோழித் தண்ணீரில் வேகவைத்திருப்பார்கள். இறைச்சி வேண்டாம் என்று சொன்னாலும் ஹமோனை, அதாவது உப்பில் பதப்படுத்திய பன்றித் தொடையை, சிலர் இறைச்சிக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். அதனால் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்: 'சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்'. கறி இல்லாமல், மீன் இல்லாமல், ஹமோன் இல்லாமல். சூப்பை மட்டும் எந்தத் தண்ணீரில் வேகவைத்தார்கள் என்று தனியாகக் கேளுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. இரண்டாம் தட்டு பெரும்பாலும் கறியோ மீனோதான். முதல் தட்டு வரிசையில்தான் காய்கறி இருக்கும். அப்போது 'தோஸ் ப்ரிமேரோஸ்' என்று கேட்டால் இரண்டு தட்டையும் முதல் வரிசையிலிருந்தே கொடுத்துவிடுவார்கள். விலையில் வித்தியாசம் இருக்காது. அந்த வரிசையில் எஸ்கலிவாதா இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கத்தரிக்காயையும் சிவப்புக் குடைமிளகாயையும் தணலில் சுட்டுத் தோலுரித்து, நீளநீளமாகக் கிழித்து, மேலே ஆலிவ் எண்ணெய் விட்டுக் கொடுப்பார்கள். நெத்திலி மாதிரி ஒன்றை மேலே சில கடைகளில் வைப்பார்கள், அதையும் முன்னாடியே சொல்லிவிடுங்கள். கீரை போட்ட கொண்டைக்கடலையும் நன்றாக இருக்கும். கடைசியில் மெல் இ மத்தோ கேளுங்கள். உப்பில்லாத பச்சைப் பாலாடைக்கட்டியின் மேல் தேன், அவ்வளவுதான். பாலும் வெண்ணெயும் தின்று வளர்ந்த எங்கள் ஊர் நாக்குக்கு அந்த மேசையில் சொந்தக்காரன் மாதிரி தெரிந்தது அது ஒன்றுதான்.

ஏனென்றால் மற்றதெல்லாம் எண்ணெய். ஊத்துக்குளியில் நாங்கள் வெண்ணெயை வைத்துத்தான் வீட்டையே மதிப்போம். எருமைப் பால் வெண்ணெய் வெள்ளையாக இருக்கும். உருக்கும்போது முருங்கைக்கீரை கிள்ளிப்போட்டு இறக்கினால் நெய் ஆறி மணல் மணலாக உறையும். நெய் கமகமவென்று மணக்க வேண்டும், தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். எண்ணெயோ நெய்யோ தொண்டையைப் பிடித்தால் காறிப்போச்சு என்று கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

ஆலிவ் எண்ணெயில் கணக்கு நேர் தலைகீழ். புதிதாகப் பிழிந்த நல்ல எண்ணெய் நாக்கில் கொஞ்சம் கசக்கும், விழுங்கியதும் தொண்டையில் சுருக்கென்று காரம் பிடிக்கும், லேசாக இருமல்கூட வரும். அந்தக் காரத்துக்குக் காரணம் ஒலியோகாந்தால் என்ற பொருள். எண்ணெய் நாள்பட நாள்பட அது குறைந்துகொண்டே போகும். ஆக, தொண்டையைப் பிடிக்காமல் வழவழவென்று இறங்குகிற எண்ணெய் பழசாக இருக்க வாய்ப்பு அதிகம். மேசையில் இருக்கிற குப்பியிலிருந்து ரொட்டித் துண்டில் ரெண்டு சொட்டு விட்டு வாயில் போட்டுப் பாருங்கள். எண்ணெய் நன்றாக இருந்தால் அந்தச் சமையற்காரரின் கை மேல் நம்பிக்கை வைத்து எதையும் வாங்கலாம். சுமாராக இருந்தால் முட்டை ஆம்லெட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சில கடைகளில் ரொட்டியைச் சுட்டு, கூடவே முழுப் பூண்டும் முழுத் தக்காளியும் எண்ணெயும் உப்பும் தனித்தனியாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நாமேதான் செய்துகொள்ள வேண்டும். வரிசை முக்கியம். சூடு ஆறுவதற்குள் பூண்டைச் சுட்ட பக்கத்தில் ரெண்டு இழுப்பு இழுக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். பிறகு தக்காளியைக் குறுக்கே வெட்டி, தோல் மட்டும் கையில் மிஞ்சுகிற வரைக்கும் ரொட்டியில் தேய்க்க வேண்டும். அப்புறம் உப்பு. எண்ணெய் கடைசியில். எண்ணெயை முதலில் விட்டால் தக்காளி ஒட்டாமல் வழுக்கும். ஊத்துக்குளியிலும் செய்து பார்த்துவிட்டேன். புளிப்பான நாட்டுத் தக்காளிக்கு நன்றாகவே வந்தது. கடையில் கிடைக்கிற தோல் தடித்த தக்காளிக்கு வரவில்லை.

அப்படி ஒரு நாள் ரொட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசைப் பெரியவர் ஒருவர் எட்டி என் டி-சர்ட்டின் கீழ் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஓவர்லாக் தையலை விரலால் நீவினார். பிறகு கட்டைவிரலால் கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டு, அது பழைய நிலைக்கு வருகிறதா என்று பார்த்தார். எங்கள் செக்கிங் டேபிளில் நிற்கிற அக்காக்கள் செய்வது அச்சு அசல் அதேதான். பாஷை எதுவும் தேவைப்படவில்லை. தலையை ஆட்டிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார். பாஸா ஃபெயிலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பையர் கூட்டிக்கொண்டு போனால் சாப்பிடும்போது விலை பேசாதீர்கள். பிள்ளைகள், கால்பந்து, மழை என்று எதையாவது பேசுங்கள். தட்டெல்லாம் எடுத்துக் காபி வந்த பிறகும் அவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். அரை மணி நேரமாவது உட்கார்ந்து பேசுவார்கள். ஆபீஸில் பிடி கொடுக்காத ஷிப்மென்ட் தேதி அங்கேதான் ஒரு வாரம் தள்ளிப்போகும். நாம்தான் வாட்சைப் பார்த்துக்கொண்டு எழுந்து நின்று காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறோம். நீங்களாகக் கேட்காமல் பில் வராது. அது கவனக்குறைவு இல்லை, கேட்காமல் பில்லை வைப்பது 'கிளம்புங்கள்' என்று சொல்வதாக ஆகிவிடும்.

அவர்கள் திருப்பூர் வரும்போதும் இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டரைக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் அவர்களுக்குப் பசியே இருக்காது. ஃபேக்டரி சுற்றிக்காட்டிவிட்டு ரெண்டு மணிக்குக் கூட்டிப்போங்கள். பெரிய ஓட்டலில் பாஸ்தா வாங்கிக்கொடுப்பது வீண் செலவு, அவர்கள் அதைவிட நல்லதை ஊரிலேயே தின்பார்கள். காரம் குறைத்துப் பள்ளிபாளையம் சிக்கன் கொஞ்சம், முக்கியமாக அரிசியும் பருப்பும் சாதம், மேலே ஒரு கரண்டி ஊத்துக்குளி நெய். என் அனுபவத்தில் இந்தச் சாதத்தை யாரும் மீதி வைத்ததில்லை.

அந்த நெய்யை அங்கேயே பாட்டிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். வெளிநாட்டுப் பயணிகள் பால் பொருள், இறைச்சி எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்பது விதி. சுங்கத்தில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். ஈரோட்டு மஞ்சள்தூள் கொண்டுபோங்கள். வரும்போது ஆலிவ் எண்ணெயைக் கண்ணாடிக் குப்பியில் வாங்காமல் தகர டப்பாவில் வாங்கி, கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போடுங்கள். டப்பாவைச் சுற்ற நாலு ரிஜெக்ட் டி-சர்ட் போதும், அது நம்மிடம் எப்போதும் இருக்கும்.