பறந்து முடிந்தது... எழுதி முடிந்ததா?

இந்த மாதப் பாடம்: ட்ரோன் பறப்புப் பதிவேடு



முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் அக்காமாருக்குப் பதிவு என்றால் என்ன என்று நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இலை எவ்வளவு, தூள் எவ்வளவு வாங்கினோம், எத்தனை பீடி கொண்டு போய்க் கொடுத்தோம் என்று பாஸ்புக்கில் ஏறினால்தான் கூலி. ஏறாவிட்டால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து சுற்றியதும் சுற்றாத கணக்குதான். "எழுதியாச்சா?" என்று கேட்காமல் கடையை விட்டு யாரும் இறங்கி வருவதில்லை.

இதே கேள்வியை இப்போது வயக்காட்டு வரப்பில் நின்றும் கேட்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. பயிருக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் நம் மகளிர் குழுக்களுக்கும் வந்துவிட்டது. மத்திய அரசு 2023-ம் ஆண்டு நவம்பரில் நமோ ட்ரோன் தீதி திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தீதி என்றால் இந்தியில் அக்கா. 2023-24 முதல் 2025-26 வரை நாடு முழுவதும் 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் கொடுப்பது இலக்கு. விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம். மீதியைக் கடனாக வாங்கிக் குழு கட்ட வேண்டும். குழுவில் ஒருவருக்கு 15 நாள் பயிற்சி, அவருக்கு உதவியாக இன்னொருவருக்கு 5 நாள் பயிற்சி என்று வகுத்தார்கள்.

பறக்கவிடுவதை ஆசையோடு கற்றுக்கொள்கிறோம். பறந்து இறங்கிய பிறகு எழுதுவதில்தான் சுணக்கம். "எக்கா, பறக்க விட்டதே பெரும்பாடு, இதுல எழுத வேற செய்யணுமா?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு குழுவில் நடந்தது

தாமிரபரணிக் கரையில் ஒரு ஊர். பிசானப் பயிருக்கு மருந்தடிப்பு மும்முரமாக நடந்த நேரம். ட்ரோன் ஓட்டும் பெண் காலையிலேயே ஐந்தாறு வயலில் தெளித்து முடித்தாள். நோட்டு வீட்டில் இருந்தது. "ராத்திரி எழுதிக்கிடலாம்" என்று விட்டாள். ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல். மறுநாளும் வேலை. மூன்றாம் நாள் ஞாபகத்தில் இருந்து எழுதினாள். கையில் இருந்த பணமும் நோட்டும் சரியாக இருந்தன. பணத்தைப் பொருளாளரிடம் கட்டிவிட்டாள்.

மாதக் கடைசியில் ஒரு விவசாயி வந்து, "நான் நாலு ஏக்கருக்கு 2,000 கொடுத்தேனே, ரசீது எங்கே?" என்று கேட்டார். நோட்டில் மூன்று ஏக்கர், 1,500 ரூபாய் என்றுதான் இருந்தது. ட்ரோன் ரிமோட்டில் பார்த்தார்கள். அன்றைக்கு அந்த வயலில் நான்கு தடவை பறந்திருக்கிறது. அப்படியென்றால் 500 ரூபாய் எங்கே? கூட்டத்தில் யாரும் வாய் திறந்து திருட்டு என்று சொல்லவில்லை. ஆனால் எல்லோர் கண்ணும் அவளைத்தான் பார்த்தது. அடுத்த கூட்டத்துக்கு அவள் வரவில்லை.

பத்து நாள் கழித்து, ட்ரோனை ஏற்றி வந்த லோடு ஆட்டோக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்: "அன்னைக்கு வாடகை 500 வயல்லயே கொடுத்துட்டாங்களே!" அதுதான் அந்த 500. வரவில் ஒரு ஏக்கரை மறந்தாள், செலவில் ஆட்டோ வாடகையை மறந்தாள். இரண்டு மறதியும் சரிக்குச் சரியாக நின்றதால் பணமும் நோட்டும் ஒத்துப்போனது. கணக்கு நேராக இருந்தது. ஆனால் உண்மையாக இல்லை.

குழு அவளிடம் வருத்தம் தெரிவித்தது. அவள் திரும்பி வந்தாள், இன்றும் ட்ரோன் ஓட்டுகிறாள். ஆனால், "காசு மட்டும் என் கையில தராதீங்க" என்று சொல்லிவிட்டாள். 500 ரூபாய் கிடைத்துவிட்டது. அந்த மனசை எந்த நோட்டில் எழுதிச் சரிசெய்வது?

பெரிய விமானத்தில் எப்படி?

தூத்துக்குடி வாகைக்குளத்துக்குச் சென்னையில் இருந்து விமானம் வந்து இறங்குகிறது. பயணிகள் இறங்கியதும் வேலை முடிந்தது என்று நாம் நினைப்போம். விமானிக்கு அப்படி இல்லை. நான்கு நேரங்கள் பதிவாக வேண்டும்: நின்ற இடத்தை விட்டு நகர்ந்தது, தரையை விட்டு மேலே எழும்பியது, தரையைத் தொட்டது, வந்து நின்றது. மேலே இருந்த நேரம் விமானத்தின் வயதுக் கணக்கு. நகர்ந்ததில் இருந்து நின்றது வரை உள்ள நேரம் விமானியின் பணிக் கணக்கு. இவற்றோடு எரிபொருள், என்ன பழுது தென்பட்டது என்பதும் ஏற வேண்டும். பழுது எழுதியிருந்தால், பொறுப்பான பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்த விமானம் மறுபடி பறக்கும்.

கம்பெனியின் எல்லா விமானங்களையும் நிர்வகிக்க ஒரு கணினி நிரல் இருக்கும். அதில் "பயணம் முடிந்தது" என்று ஒருமுறை விவரம் ஏற்றினால் விமானத்தின் மொத்த மணி, எஞ்சின் மணி, எத்தனை தடவை இறங்கியது, அடுத்த சர்வீஸ் எப்போது, விமானிக்கு ஓய்வு எப்போது என்று எல்லாம் தானாக மாறிக்கொள்ளும். நம் குழுவில் ஒரு அக்கா 100 ரூபாய் சேமிப்புக் கட்டினால் ரொக்கப் புத்தகம், பேரேடு, பாஸ்புக் என்று மூன்று இடத்தில் ஏறுகிறது அல்லவா? அதே மாதிரிதான். கணினியில் ஒரு இடத்தில் எழுதினால் போதும். ஆனால் அந்த ஒரு இடத்தில் தப்பாக எழுதினால் எல்லா இடமும் தப்பு.

எத்தனை மணி நேரம் என்று மட்டும் எழுதினால் போதாதா, எத்தனை தடவை என்று எதற்கு? 1988 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவின் ஹவாய் தீவுகளில் அலோஹா என்ற கம்பெனியின் போயிங் 737 விமானம் பறந்துகொண்டிருந்தபோதே அதன் முன்பக்க மேற்கூரை பெயர்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு இறந்தார். விமானி எப்படியோ இறக்கிவிட்டார். தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பயணமாகப் போய்வந்த விமானம் அது. சுமார் 35,500 மணி நேரம்தான் பறந்திருந்தது. ஆனால் ஏறி இறங்கியது கிட்டத்தட்ட 90,000 தடவை. ஒவ்வொரு தடவையும் காற்றழுத்தத்தால் உடம்பு விரிந்து சுருங்கி, தகடு இணைப்புகளில் வெடிப்பு விட்டிருந்தது. கடல் உப்புக்காற்றில் துருவும் சேர்ந்தது. சோதனையில் அது கண்ணில் படவில்லை. இதற்குப் பிறகு வயதான விமானங்களைச் சோதிக்கும் முறையே கடுமையானது.

நம் ட்ரோன் பாட்டரியும் அப்படித்தான். அதன் ஆயுள் நாளில் இல்லை, எத்தனை தடவை சார்ஜ் ஏறி இறங்கியது என்பதில் இருக்கிறது. சில நூறு தடவைக்குப் பிறகு சோர்ந்துவிடும். எத்தனை தடவை ஆனது என்பதை எழுதினால்தான் தெரியும். எழுதாவிட்டால் ஒருநாள் நடுவயலில் பாட்டரி கைவிடும்போதுதான் தெரியவரும்.

நாம் எழுத வேண்டியது

ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு வரி. ஒரு தடவை டேங்க் நிரப்பிப் பறந்து இறங்கினால் ஒரு பறப்பு. பத்து லிட்டர் டேங்கில் ஏறக்குறைய ஒரு ஏக்கர் முடியும்.

1. தேதி, மேலே ஏறிய நேரம், இறங்கிய நேரம்.
2. ஊர், வயல் யாருடையது, என்ன பயிர்.
3. தெளித்த பரப்பு, ஏக்கர் சென்ட் கணக்கில்.
4. மருந்தின் பெயர், அளவு, தண்ணீர் எத்தனை லிட்டர். பயிர் கருகினாலும், யாருக்காவது மயக்கம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான்.
5. பாட்டரி நம்பர். எல்லாப் பாட்டரி மேலும் பெயிண்டால் நம்பர் எழுதிவையுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் சார்ஜ் எவ்வளவு என்று குறியுங்கள்.
6. காற்று எப்படி? காற்றுமானி இருந்தால் அளவைப் பார்த்து எழுதுங்கள்.
7. ஓட்டியவர் பெயர், உதவியவர் பெயர்.
8. பழுது ஏதாவது: நாசில் அடைப்பு, இறக்கையில் கீறல், புதுச் சத்தம், வயரில் உரசல், கீழே விழுந்தது. ஒன்றும் இல்லை என்றால் "இல்லை" என்றே எழுதுங்கள். வெறுமனே விடாதீர்கள்.
9. வர வேண்டிய பணம், வந்த பணம், பாக்கி, ரசீது எண். வயலிலேயே செய்த செலவு.
10. விவசாயி கையெழுத்து அல்லது கைரேகை.

ஐந்து பழக்கங்கள்

ஒன்று: வரப்பிலேயே எழுத வேண்டும். அடுத்த டேங்க் நிரப்பும் முன் முந்தின பறப்பு நோட்டில் ஏற வேண்டும். ஓட்டுபவருக்குக் கண்ணும் கையும் ட்ரோன் மேல். அதனால் உதவியாளர் எழுதட்டும், ஓட்டியவர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். இரண்டு பேர் பார்த்த கணக்குக்கு இரண்டு பேர் சாட்சி.

இரண்டு: சாயங்காலமே போனில் ஏற்ற வேண்டும். திட்டத்தில் வந்த ட்ரோனுக்கு ட்ரோன் போர்ட்டல் என்ற இணையப் பதிவும் உண்டு. ரிமோட்டும் பறந்த தடத்தைத் தானாகச் சேமிக்கும். "அதான் மிஷினே எழுதுதே" என்று இருந்துவிடக் கூடாது. எங்கே பறந்தது என்று மிஷினுக்குத் தெரியும். யார் வயல், என்ன மருந்து, யார் பாக்கி என்று அதற்குத் தெரியாது. நோட்டில் எட்டுப் பறப்பு என்றால் ரிமோட்டிலும் எட்டு இருக்கிறதா என்று அன்றைக்கே ஒத்துப் பாருங்கள்.

மூன்று: அழிக்கக் கூடாது. தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போடுங்கள். வெள்ளை மை வேண்டாம், தாளைக் கிழிக்கவும் வேண்டாம்.

நான்கு: கெட்ட பறப்பையும் எழுத வேண்டும். மரக்கிளையில் உரசிவிட்டது, தப்பான வயலில் ஒரு ஓரம் தெளித்துவிட்டது என்றால் மறைக்கத் தோன்றும். மறைத்த கீறல்தான் அடுத்த தடவை ஆளைக் காயப்படுத்தும். இன்சூரன்ஸ் கேட்கும்போதும் பதிவுதான் துணை. 2021 ட்ரோன் விதிகளின்படி விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு, அதாவது டி.ஜி.சி.ஏ.வுக்கு, இணையத்தில் தெரிவிக்க வேண்டும். உண்மையை எழுதிய பெண்ணைக் குழுவும் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த தடவை யாரும் எழுத மாட்டார்கள்.

ஐந்து: கூட்டத்தில் வாசிக்க வேண்டும். சேமிப்பு, கடன் வாசிப்பது போல ட்ரோன் நோட்டையும் சத்தமாக வாசியுங்கள்.

ஒரு நாள் கணக்கு

உதாரணத்துக்கு, ஒரு நாளில் 8 பறப்பு, 8 ஏக்கர். ஏக்கருக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வர வேண்டியது 4,000. கையில் வந்தது 2,500. பாக்கி 1,500. லோடு ஆட்டோ வாடகை 500. பொருளாளரிடம் கட்ட வேண்டியது 2,000. இந்த ஐந்து எண்ணும் நோட்டில் இருந்தால் யாரும் யாரையும் சந்தேகமாகப் பார்க்க வேண்டியதில்லை.

அதே நோட்டில் பாட்டரிப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். மற்ற பாட்டரி எல்லாம் ஒரு ஏக்கரை முடித்துவிட்டு இறங்குகிறது, 3-ம் நம்பர் மட்டும் முக்கால் ஏக்கரிலேயே திரும்புகிறது என்றால் அதற்கு வயதாகிவிட்டது. புதுப் பாட்டரிக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பதை ஒரு சீசன் முன்னாலேயே நோட்டு சொல்லிவிடும். கடன் தவணை கட்டும் குழுவுக்கு இது பெரிய உதவி.

கூட்டத்தில் பேசுங்கள்

- நம் குழுவில் "பிறகு எழுதிக்கிடலாம்" என்று விட்டு வம்பில் முடிந்த விஷயம் எது?
- ஓட்டுபவர், எழுதுபவர், பணம் வாங்குபவர் மூன்றும் ஒரே ஆளாக இருப்பது நல்லதா?
- ட்ரோன் இல்லாத குழுவும் பவர் டில்லர், தையல் மிஷின், மாவு மில்லுக்கு இப்படி ஒரு நோட்டு போடலாமா? அதில் என்னென்ன எழுதுவீர்கள்?

நம் பஞ்ச சூத்திரத்தில் தவறாத கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல் எல்லாம் சொல்லி, ஐந்தாவதாகக் கணக்குப் புத்தகங்களைச் சரியாக வைத்திருப்பதைச் சொல்கிறோம். கடைசியில் சொல்வதால் அது சின்ன விஷயம் இல்லை. முதல் நான்கையும் செய்தோம் என்பதற்கு அதுதான் சாட்சி.

அடுத்த தடவை ட்ரோன் இறங்கி, இறக்கை நின்றதும் கை தட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டிய கையோடு நோட்டையும் பேனாவையும் எடுங்கள். பக்கத்தில் நிற்கும் தங்கச்சியிடம் கேளுங்கள்: "எழுதியாச்சா?"