கட்டங்களுக்கு இடையே ஒரு மொழி

சித்திரக்கதைப் புத்தகத்தைப் பிள்ளையின் கையிற் கண்டவுடன் பெற்றோர் பலரின் முகம் சுருங்கிவிடுகின்றது. "படம் பார்ப்பதும் ஒரு வாசிப்பா?" என்பது அவர்கள் கேள்வி. சித்திரக்கதை என்பது எழுத்தும் ஓவியமும் இணைந்து அமைந்த ஒரு மொழி. ஏனைய மொழிகளைப் போல அதற்கும் ஓர் இலக்கணம் உண்டு. அதனை முறையாக வாசிக்கப் பழகினால் நம் பிள்ளைகளின் தமிழும் வளரும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டமும் குமிழியும்

மாணவச் செல்வங்களே, சித்திரக்கதைக்கு அடிப்படை கட்டம். ஒரு கட்டம் பெரும்பாலும் ஒரு கணத்தைக் காட்டும். அகன்ற கட்டத்திற் கண் நெடுநேரம் தங்கும். சிறு கட்டங்கள் அடுத்தடுத்து வந்தால் கதை விரைந்து செல்லும். பேசுபவரின் வாயை நோக்கி வால் நீட்டி நிற்கும் குமிழி பேச்சைத் தாங்குகின்றது. அதன் விளிம்பு முகில்போல் வளைந்திருந்தால் அது மனத்துள் எழும் எண்ணம். முட்கள்போல் நீண்டிருந்தால் உரத்த கூச்சல்.

இவையெல்லாம் பழக்கத்தால் நிலைபெற்ற மரபுகள். யப்பானியச் சித்திரக்கதைகளை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக வாசிக்க வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும்.

ஒலியை எழுதிக் காட்டுவதும் இம்மொழியின் இயல்பு. இதில் நம் தமிழ் மிக வளமுடையது. 'சலசல', 'தடதட', 'மடமட' என்பன இரட்டைக்கிளவிகள். தனித்துப் பிரித்தாற் பொருள் தராத இச்சொற்கள், ஒரு சித்திரத்தின் அருகே நின்றால் உடனே பொருள் தருகின்றன. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று கூறி, நகை, அச்சம், வெகுளி முதலாக எட்டினை வகுத்தது தொல்காப்பியம். சித்திரக்கதை ஓவியர் இரண்டொரு கோடுகளால் முகத்திற் காட்டுவதும் இந்த மெய்ப்பாடுகளையே.

சொல்லும் சித்திரமும்

மழை பெய்யும் படத்தின் கீழ் "மழை பெய்கிறது" என்று எழுதினால் சொல் வீணாகின்றது. நனைந்து நடுங்கும் சிறுவன் ஒருவனை வரைந்து, அவன் வாயில் "எனக்கு ஒன்றுமில்லை, அம்மா" என்ற சொற்களை வைத்தால், சித்திரம் ஒன்றைச் சொல்லச் சொல் வேறொன்றைச் சொல்கின்றது. தாய் வருந்தக்கூடாது என்று அவன் மறைப்பதை இரண்டையும் சேர்த்து வாசிப்பவரே அறிவர். 'சிரித்திரன்' ஆசிரியர் சுந்தரின் சவாரித் தம்பரைக் கண்டு சிரித்த பெற்றோர்களுக்கு, சிறு சித்திரமும் சில சொற்களும் சேர்ந்து எவ்வளவு பேசும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வெற்றிடத்தின் வேலை

முதற் கட்டத்தில் ஒரு சிறுவன் மாமரத்தை நோக்கிக் கல்லை ஓங்குகின்றான். அடுத்த கட்டத்தில் அயல்வீட்டு யன்னற் கண்ணாடி உடைந்து கிடக்கின்றது. கல் பறந்ததை எவரும் வரையவில்லை. அதை வரைந்தது வாசகரின் மனம். இரு கட்டங்களுக்கும் இடையிலுள்ள இவ்வெற்றிடமே சித்திரக்கதையின் உயிர்நிலை என்பதை, அமெரிக்க ஓவியர் ஸ்கொற் மக்கிளவுட் 1993 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அந்நூலையே அவர் சித்திரக்கதை வடிவில் ஆக்கினார் என்பது குறிப்பிடத்தக்கது.

சொல்லே இல்லாத கதை

அவுஸ்திரேலிய ஓவியர் ஷோன் ரான் 2006 இல் 'த அரைவல்' (வருகை) என்னும் நூலை வெளியிட்டார். அதில் வாசிக்கக்கூடிய சொல் ஒன்றேனும் கதைக்குள் இல்லை. மனைவியையும் மகளையும் விட்டு ஒருவர் கப்பலேறுகின்றார். பயணம் எவ்வளவு நீண்டது என்பதைக் காட்ட, முகில்களை மட்டும் 60 சிறு கட்டங்களில் வரைந்துள்ளார் ஓவியர். புதிய நாட்டின் எழுத்துக்கள் ஓவியரே கற்பனை செய்தவை. ஆகவே அப்பயணியைப் போலவே நாமும் அவற்றை வாசிக்க இயலாது நிற்கின்றோம். சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைத்தபோது அவர் அவற்றைத் தலைகீழாக ஒட்டிவிடுகின்றார்.

பெற்றோர்களே, இந்நிலை நமக்குப் புதியதன்று. அறியாத எழுத்துக்களின் முன்னே நாமும் ஒரு நாள் நின்றோம். அதைப் பிள்ளைக்குச் சொல்ல நினைக்கும்போது, நம் தமிழ் அவர்களுக்கு எட்டுவதில்லை. அவர்களின் மொழி நமக்கு வசப்படுவதில்லை. பல வீடுகளில் அக்கதை சொல்லப்படாமலே போகின்றது. சொல்லற்ற இந்நூலின் முன் பெற்றோரும் பிள்ளையும் சமமானவர். பிள்ளை படத்தைக் காட்டிக் கேட்கலாம்; நாம் நம் கதையைத் தமிழிற் சொல்லலாம்.

வீட்டிற் செய்யத்தக்க பயிற்சி

1. நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு சித்திரக்கதையை எடுத்துக் குமிழிகளைத் தாளால் மூடுங்கள். முகங்களையும் உடல் அசைவுகளையும் மட்டும் பார்த்து, அவர்கள் பேசுவதைப் பிள்ளை தமிழிற் சொல்லட்டும்.

2. ஒவ்வோர் இடைவெளியிலும் நிறுத்தி, "இதற்கும் அதற்கும் நடுவில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். விடையை ஒரு முழு வாக்கியமாக எழுதச் செய்யுங்கள். 'பின்பு', 'அதனால்', 'ஆயினும்' என்னும் இணைப்புச் சொற்கள் இவ்வாறு இயல்பாகப் பழக்கத்துக்கு வரும்.

3. பேரனார் அல்லது பேத்தியார் சொன்ன ஒரு நிகழ்ச்சியை ஆறு கட்டங்களில் வரைந்து, குமிழிகளைத் தமிழில் நிரப்புங்கள். படம் அழகாக அமையவேண்டும் என்பதில்லை; குச்சி மனிதர்களே போதும்.

சித்திரம் பொருளைத் தந்துவிடுகின்றது. சொல்லைப் பிள்ளையே தேடவேண்டும். அவ்வாறு தேடும்போது அருகில் அமர்ந்திருந்து, கேட்ட சொல்லை எடுத்துக் கொடுப்பது வீட்டிலுள்ள பெரியோரின் கடமையாகும். வாரத்தில் ஒரு நாள் கூடும் நம் பாடசாலை தனித்து அதனைச் செய்துவிட இயலாது.