நாட்பட்ட வலிக்கு மூளைத் தூண்டல்: சோதனையும் பொதுச் செலவும்

பெங்களூருவிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள பொம்மசந்திரா, தொழிற்பேட்டையாலும் 2001-இல் இயங்கத் தொடங்கிய நாராயண ஹிருதயாலயா மருத்துவமனையாலும் பெயர் பெற்றது. 2003-இல் கர்நாடகக் கூட்டுறவு விவசாயிகளுக்கென நடைமுறைக்கு வந்த யசஸ்வினி காப்பீட்டுத் திட்டம் உருவானதில் அம்மருத்துவமனையின் நிறுவனர் டாக்டர் தேவி ஷெட்டிக்குப் பங்குண்டு. இதயக் குழாயின் அடைப்பைப் படத்தில் காணலாம்; அறுவைக்குப்பின் கிடைத்த பயனை அளக்கலாம். ஆகவே அதற்குக் காப்பீடு வழங்குவது எளிது. கண்ணுக்குப் புலப்படாத வலிக்குப் புதியதொரு சிகிச்சை வரும்போது, அதற்குப் பொதுப் பணத்தைச் செலவிடலாமா என்பதை எவ்வாறு முடிவு செய்வது? நாட்பட்ட இடுப்புக்குழி வலி இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

வலியின் இயல்பு

தொப்புளுக்குக் கீழே ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி பொதுவாக இப்பெயரால் குறிக்கப்படுகிறது. கருப்பை உட்படலம் வெளியே வளர்தல், சிறுநீர்ப்பை அழற்சி, குடல் கோளாறு, தசை இறுக்கம் எனக் காரணங்கள் பல. பெண்களிடம் மிகுதி எனினும் ஆண்களுக்கும் உண்டு. உட்காண் கருவியால் ஆராய்ந்தும் எவ்விதக் காரணமும் தென்படாத நோயாளிகள் பலர். "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவைக்கப்படும் பெண், வேலையையும் கூலியையும் இழந்து மருத்துவமனை மாறி மருத்துவமனை அலைகிறாள். உண்மையில், நீண்டகால வலியில் தண்டுவடமும் மூளையும் மிகையுணர்வு கொள்கின்றன. தொடக்கக் காரணம் நீங்கிய பின்னரும் வலி தொடரக்கூடும். மூளையையே தூண்டிப் பார்க்கும் எண்ணம் இங்கிருந்தே எழுந்தது.

இரு முறைகள்

1985-இல் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினர், தலைமீது வைத்த கம்பிச்சுருளின் காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டிக் காட்டினர். மற்றது மென்மின்னோட்ட முறை. ஈரப்பஞ்சு மின்முனைகள் வழியே 1 முதல் 2 மில்லி ஆம்பியர் மின்சாரம், ஏறத்தாழ 20 நிமிடம் செலுத்தப்படும். இரண்டிற்கும் அறுவையோ மயக்க மருந்தோ தேவையில்லை. காந்த முறையில் அரிதாக வலிப்பு ஏற்படலாம். எனவே வலிப்பு நோயுள்ளோர், தலைக்குள் உலோகம் பொருத்தப்பட்டோர் முன்கூட்டியே விலக்கப்படுகின்றனர். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் இம்முறைகளை மனநோய்ச் சிகிச்சையில் ஆராய்ந்து வருகிறது.

சான்று எவ்வளவு?

இடுப்புக்குழி வலிக்கு மென்மின்னோட்டத்தைப் பயன்படுத்தி 2009-இல் அமெரிக்காவில் வெளியான தொடக்க ஆய்வில் ஏழு பெண்களே இருந்தனர். 2023-இல் ஜெர்மனியிலிருந்து வெளியான ஆய்வில் 36 பேர். பத்து நாள் சிகிச்சை. இரண்டிலும் வலி குறைந்தமை தெரிவிக்கப்பட்டது. ஆயினும் எண்ணிக்கை சிறிது. பலவகை நாட்பட்ட வலிகளைக் குறித்த 94 ஆய்வுகளையும் 2,983 பேரையும் கணக்கிலெடுத்த காக்ரேன் தொகுப்பாய்வு (2018), காந்த முறையின் பயன் சிறிது, குறுகிய காலத்தது, சான்றின் தரமும் குறைவு என்றே கூறியது.

நம்பத்தக்க சோதனை

வலி நாளுக்கு நாள் ஏறி இறங்கும் தன்மையது. மிகக் கடுமையான நாளில் சிகிச்சைக்கு வருபவருக்கு, எதுவும் செய்யாவிடினும் சில நாட்களில் ஓரளவு குறையலாம். கருவியின் தோற்றமும் மருத்துவரின் கவனிப்புமே ஆறுதல் அளிக்கலாம். ஆகவே நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் போலிச் சிகிச்சை அளிக்க வேண்டும். அதில் மின்சாரம் அரை நிமிடம் மட்டும் பாய்ந்து நின்றுவிடும். தோலில் முதலில் தோன்றும் குறுகுறுப்பு இரு பிரிவினருக்கும் ஒன்றே. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் வலியை அளப்பவருக்கும் தெரியலாகாது. இறுதியில், தமக்குக் கிடைத்தது எது என ஊகிக்குமாறு நோயாளியைக் கேட்டால், மறைப்பு காக்கப்பட்டதா என்பது புலனாகும். பத்துப் புள்ளி அளவுகோலில் வலியைக் குறிப்பதுடன், பணிக்குச் சென்ற நாட்களையும் மாதக்கணக்கில் பதிய வேண்டும்.

நிர்வாகத்தின் பொறுப்பு

இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகம் 20.7.2007-இல் தொடங்கப்பட்டது; 15.6.2009 முதல் பதிவு கட்டாயம். முன்கூட்டியே பதிந்தால், சாதகமற்ற முடிவை மறைப்பதும் அளவுகோலை இடையில் மாற்றுவதும் கடினம். கருவிகளுக்கு மருத்துவக் கருவி விதிகள், 2017 பொருந்தும். ஒப்புதல் படிவம் தொழிலாளியின் தாய்மொழியில் இருத்தல் வேண்டும். பொம்மசந்திரா போன்ற எல்லைப்புறத் தொழில் வட்டாரத்தில் கன்னடம் மட்டும் போதாது. தமிழும் இந்தியும் தேவை.

செலவுக் கணக்கிலும் கவனம் தேவை. நாளொன்றுக்கு 20 நிமிடம் வீதம் பத்து நாட்கள் என்றால் சிகிச்சை நேரம் 200 நிமிடமே. ஆனால் அன்றாடக் கூலிபெறும் பெண்ணுக்குப் பத்து நாள் ஊதியமும் பயணச் செலவும் போகின்றன. பயன் சில வாரங்களில் மறைந்தால் இச்செலவு திரும்பத் திரும்ப வரும். மருத்துவ ஆராய்ச்சித் துறையின்கீழ் 2017-இல் தொடங்கிய மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு, இத்தகைய கணக்கைப் போடுவதற்கென்றே உள்ளது.

சான்று போதாது என்பது இவ்வலியைப் புறக்கணிக்கக் காரணமாகாது. இன்றைய நிலையில் இச்சிகிச்சையைக் காப்பீட்டுப் பட்டியலில் சேர்ப்பது அவசரம். பல மருத்துவமனைகள் இணைந்து நடத்தும் சோதனைக்குப் பொது நிதி அளிப்பதே உரிய வழி. அச்சோதனை முடியும்வரை, உடற்பயிற்சி மருத்துவம், மருந்து, மனநல ஆலோசனை ஆகியவற்றைத் தொழிலாளர் மருத்துவமனைகளில் ஒருங்கே கிடைக்கச் செய்வது உடனடியாக இயலக்கூடியதும் ஆகும்.