மணிக்கட்டின் அசைவே கட்டளை

கழுத்துத் தண்டுவடம் காயமுற்றவர்களின் குடும்பத்தினர், "செயலிழந்த விரல்களை இயக்கக் கருவி ஏதேனும் உண்டா?" என எங்களிடம் வினவுவது வழக்கம். இதற்கு விடை காண, எஞ்சியிருக்கும் ஓர் அசைவின் மதிப்பை முதலில் உணர வேண்டும்.

ஆறாம் கழுத்து நரம்பு வரை செயல்பாடு எஞ்சியவரால் மணிக்கட்டை மேல்நோக்கி உயர்த்த இயலும். விரல்களை மடக்கவோ நீட்டவோ இயலாது. ஆயினும் விரல் தசைகளுள் பல சுருங்கும் திறனை இழப்பதில்லை. மூளையின் கட்டளைதான் அவற்றை எட்டுவதில்லை. மென்மையான மின்தூண்டல் அளித்தால் அவை இயங்கும்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹன்டர் பெக்கம் குழுவினர் இம்முறையில் உருவாக்கிய 'ஃப்ரீஹேண்ட்' கருவி, 1986இல் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. 1997இல் அந்நாட்டு அரசின் ஒப்புதலைப் பெற்றது. அதன் 8 மின்முனைகள் கையைத் திறக்கவும் மூடவும் செய்தன. ஆனால் எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதைக் கருவிக்கு உணர்த்த, மறுபக்கத் தோளின் அசைவை அளக்கும் ஓர் உணரியை மார்பின்மேல் பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

எலும்பினுள் ஓர் உணரி

இத்தொல்லையை நீக்க, அதே குழுவினர் உணரியை உடலுக்குள்ளேயே வைத்தனர். மணிக்கட்டின் சிற்றெலும்பு ஒன்றில் சிறு காந்தமும், அதையடுத்த முன்கை எலும்பில் காந்தப்புலத்தை அளக்கும் உணரியும் பதிக்கப்பட்டன. மணிக்கட்டு அசையும்போது காந்தத்தின் நிலை மாறுகிறது. அம்மாற்றத்திலிருந்து மூட்டின் கோணம் கணிக்கப்படுகிறது. மணிக்கட்டை உயர்த்தினால் கை மூடும், தாழ்த்தினால் திறக்கும். இயற்கையான பிடிப்பும் ஏறத்தாழ இவ்வாறே நிகழ்வதால், இதைப் பழகுவது எளிது.

இது இன்னும் எங்கும் எளிதில் கிடைக்கும் சிகிச்சையாகவில்லை. பின்வந்த ஆய்வுக் கருவிகள், தசையில் எழும் மின்குறிப்பையும் கட்டளையாகப் பயன்படுத்தின. எவ்வகைக் கருவியாயினும், மூட்டுகள் இறுகாமல் இருந்தால்தான் பயன் தரும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

மணிக்கட்டை உயர்த்தும்போது விரல்கள் தாமாகவே உள்நோக்கி மடங்கும். எக்கருவியும் இன்றியே இலேசான பொருள்களைப் பற்ற இம்மடக்கம் உதவுகிறது. இதைக் காக்கப் பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. விரல்களை நீட்டிப் பயிற்சி அளிக்கும்போது மணிக்கட்டைக் கீழ்நோக்கி மடக்கி வையுங்கள். மணிக்கட்டை உயர்த்தும்போது விரல்களை மடங்க விடுங்கள். இரண்டையும் ஒருசேர நீட்டாதீர்கள். விரல் தசைநாண்கள் தளர்ந்து பிடிப்பு குறைந்துவிடும்.

2. படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுகையில் கையை ஊன்ற நேர்ந்தால், விரல்கள் மடங்கியே இருக்கட்டும்.

3. உடலில் காந்தமோ மின்கருவியோ பொருத்தப்பட்டிருந்தால், எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் தவறாது தெரிவியுங்கள்.

பயிற்சியின் அளவையும் முறையையும் உங்கள் இயன்முறை மருத்துவரிடம் கேட்டறிந்து செய்யுங்கள். இன்று காக்கப்படும் மணிக்கட்டின் அசைவு, இன்றைய உணவுக் கரண்டிக்கும் பயன்படும். நாளை வரக்கூடிய கருவிக்கும் பயன்படும்.