தாய் சேய் நலமும் பஞ்சாயத்தின் கடமையும்

தாமிரபரணிப் பாசனத்தில் காருக்கும் பிசானத்திற்கும் நாற்றங்கால் விட்ட நாளை நம் விவசாயிகள் மறப்பதில்லை. ஆனால் இம்மாதம் ஊரில் பிரசவிக்க இருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று வினவினால், பஞ்சாயத்து அங்கத்தினர்களில் பலர் கிராம சுகாதாரச் செவிலியரின் முகத்தைத்தான் நோக்குவர். விவரம் அவருடைய பதிவேட்டில் இருக்கிறது என்பது உண்மையே. அது மட்டும் போதுமா என்பதை இங்கு ஆராய்வோம்.

நம் மாநிலம் இத்துறையில் அடைந்துள்ள முன்னேற்றம் சாமானியமானதன்று. 2001–03இல் லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 134 தாய்மார் மாண்டனர். 2018–20இல் இத்தொகை 54. அப்பொழுது அகில இந்திய விகிதம் 97. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. ஆகவே, ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பெண்ணுக்குக் கிடைக்கும் சிகிச்சையின் தரமே இனிக் கவனிக்க வேண்டியது. பிரசவ அறையையும் மகப்பேற்று அறுவை அரங்கையும் சீர்செய்வதற்கென்றே 2017 டிசம்பரில் மத்திய அரசு ‘லக்‌ஷ்யா’ திட்டத்தைத் தொடங்கிற்று.

சீர்செய்வதென்றால் புதுக் கட்டிடம் என்று எண்ணிவிடலாகாது. 1847இல் வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிரசவம் பார்ப்போர் குளோரின் கலந்த நீரில் கைகழுவ வேண்டுமென்று விதித்தார். பிரசவ ஜுரத்தால் நேர்ந்த மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. (அன்று மருத்துவர் பலர் இதை ஏற்கவில்லை என்பது வேறு கதை.)

பிரசவத்திற்குப் பின் ஏற்படும் இரத்தப்போக்கு மிகக் கொடியது. சிகிச்சையின்றி விட்டால், நல்ல ஆரோக்கியமுள்ள பெண்ணும் இரண்டு மணி நேரத்தில் உயிரிழக்கக் கூடும். பாபநாசத்திலிருந்து பாளையங்கோட்டையில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேரவே ஒரு மணிக்கு மேலாகிறது. பால் சங்கத்தில் கால் லிட்டர் குறைந்தாலும் கேள்வி கேட்கிறோம். பிரசவ அறையிலோ, இரத்தப்போக்கு நெடுங்காலமாகக் கண்மதிப்பாலேயே கணிக்கப்பட்டு வந்தது. கண்மதிப்பு பெரும்பாலும் குறைத்தே காட்டும். அளவுக் கோடுகளிட்ட பையுடன் கூடிய விரிப்பால் இரத்தத்தை அளந்து, வேண்டிய சிகிச்சை அனைத்தையும் உடனே ஒருசேரத் தொடங்கும் முறை ஆப்பிரிக்க நாடுகள் நான்கில் சோதிக்கப்பட்டது. கடும் இரத்தப்போக்கு முதலிய கேடுகள் நூற்றுக்கு 60 அளவு குறைந்தன என்று 2023இல் முடிவு வெளியாயிற்று.

சிசுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிறந்தவுடன் சேனை தொட்டு வைப்பதும் குளிப்பாட்டுவதும் நம் பக்கத்துப் பழக்கம். இரண்டும் கூடாதவை. குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்பில் கிடத்தி, ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் புகட்ட வேண்டும். குளிப்பாட்டுவது மறுநாள் ஆகட்டும். எடை குறைந்த சிசுவுக்கு இந்த மார்போடணைப்பே மருந்தாகும். பாட்டிமார் மனம் வைத்தாலன்றி, செவிலியர் சொல் மட்டும் இங்கு எடுபடாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் பெருகிய வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிய பயணிகளுள் இருந்த கர்ப்பிணி ஒருவரை விமானப் படையின் ஹெலிகாப்டர் மீட்க வேண்டியதாயிற்று. ஐப்பசி பிறக்கு முன்பே பஞ்சாயத்து கூடி, மழைக்காலத்தில் பேறு காலம் வரும் பெண்களின் பட்டியலைச் செவிலியரிடம் பெற்று, ஆற்றங்கரையிலும் குளத்தடியிலும் வசிப்போரை வெள்ள எச்சரிக்கை கிடைத்த உடனேயே ஆஸ்பத்திரிக்கு அருகே தங்கவைக்க ஏற்பாடு செய்யலாம். 108 வண்டி நுழைய முடியாத தெருக்கள் எவை, இரத்த தானம் செய்ய முன்வரும் இளைஞர் யாவர் என்பவற்றையும் அதே கூட்டத்தில் குறித்துக்கொள்ளலாம். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு ஏதும் வேண்டியதில்லை.