ஊர் வீட்டுக்கு ஒரு பாலிசி

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஊரில் ஒரு வீடு உண்டு. தாத்தா காலத்தில் பின்னி மில்லுக்கும் ரயில்வேக்கும் வேலை தேடி வந்த குடும்பங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று ஆளுக்கொரு பக்கம். இங்கே ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தாலும் அங்கே ஓட்டு வீடு ஒன்று பூட்டிக் கிடக்கும். பொங்கலுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் திறப்பார்கள். பைக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கும், உடம்புக்கு இருக்கும். அந்த வீட்டுக்கு மட்டும் இருக்காது.

எங்கள் வீடு ஊத்தங்கரையிலிருந்து சிங்காரப்பேட்டை போகும் வழியில் உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில். முன்பக்கம் ஓடு, பின்பக்கம் அப்பா காலத்தில் போட்ட தளம், ஓரமாக மாட்டுக் கொட்டகை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து வலுவிழந்த பிறகு, உள்மாவட்டம் என்று நாங்கள் நிம்மதியாக இருந்த ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் தண்ணீரில் உருண்டு போன காட்சியைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே மழையில் திருவண்ணாமலையில் மலை சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். கடலோரத்துக்காரர்களுக்குத்தான் புயல் என்ற நினைப்பு எங்கள் பக்கத்தில் அன்றோடு போயிற்று. சேதமான குடிசைக்கு அரசு அறிவித்த உதவி 10,000 ரூபாய். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு சுவர் எழுப்பக்கூட அது காணாது.

வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்கப் போகிறேன் என்றதும் சித்தப்பா சிரித்தார். “ஏம்ப்பா, மாட்டுக்குப் போடுவாங்க, காதுல வில்லை மாட்டுவாங்க. வூட்டுக்கு எங்கடா மாட்டுவாங்க?” கிண்டல்தான். ஆனால் விஷயம் அதில்தான் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கம்பெனிக்குக் கம்பெனி பாலிசி வேறு வேறு என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிரஹ ரக்ஷா’ என்ற பொதுப் பாலிசியை, தீ விபத்துக் காப்பீடு விற்கும் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்றாக வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவிட்டது. நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியண்டல் என்ற நான்கு அரசு நிறுவனங்களும் சரி, தனியார் நிறுவனங்களும் சரி, அடிப்படை வாசகம் ஒன்றுதான். தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, வீட்டின்மேல் மரம் சாய்வது, வண்டி மோதுவது, தண்ணீர்த் தொட்டி வெடிப்பது, கலவரம் எல்லாம் அதில் அடக்கம். காம்பவுண்டு சுவர், கேட், செப்டிக் டேங்க், சாண எரிவாயுக் கலன், சூரியத் தகடு இவையும் வீட்டோடு சேர்ந்தவைதான். கிராமத்து வீட்டை மனதில் வைத்து எழுதினார்களோ என்று எனக்கே தோன்றியது.

அந்தப் பாலிசியில் எனக்கு மிகவும் பிடித்தது, குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லி கிளெய்மை வெட்டும் பழைய வழக்கம் இதில் இல்லை. முன்பெல்லாம் பத்து லட்சம் பெறும் வீட்டை ஐந்து லட்சத்துக்குப் போட்டிருந்தால், இரண்டு லட்சம் சேதத்துக்கு ஒரு லட்சம்தான் வரும். இதில் போட்ட தொகைக்குள் இருந்தால் சேதம் முழுவதும் கிடைக்கும். அதற்காகக் குறைத்துப் போடாதீர்கள். வீடு முழுவதும் போனால் போட்ட தொகைதான் உச்சவரம்பு.

எவ்வளவுக்குப் போடுவது? இங்கேதான் பெங்களூர்க்காரர்கள் தடுமாறுவார்கள். இங்கே வீடு என்றால் மனையின் விலை. இன்சூரன்ஸுக்கு மனை கணக்கில்லை. மண்ணை வெள்ளம் கொண்டுபோகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு உள்ளே இருக்கும் பரப்பு எவ்வளவு, இன்றைக்கு அந்த ஊரில் அதே மாதிரி கட்ட என்ன ஆகும், இரண்டையும் பெருக்கினால் தொகை. நான் ஊர்க் கொத்தனாரிடம் கேட்டு எழுதி வாங்கினேன். வீட்டுச் சாமான்களுக்கு, கட்டடத் தொகையில் 20 சதம், அதிகபட்சம் பத்து லட்சம் வரை, பட்டியல் எதுவும் கேட்காமலே காப்பு உண்டு. அதற்கு மேல் வேண்டுமென்றால் பட்டியல் கொடுக்க வேண்டும். நகை, வெள்ளிக்குத் தனியாக மதிப்புப் பேசிச் சேர்க்க வேண்டும். பிரீமியம் பயப்படும்படி இல்லை. பத்து லட்சத்துக் கட்டடத்துக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாய், மேலே ஜி.எஸ்.டி. 18 சதம். 2025 செப்டம்பரில் வரி நீங்கியது தனிநபர் உயிர், உடல்நலப் பாலிசிகளுக்கு மட்டும். பத்து ஆண்டு வரை சேர்த்தும் எடுக்கலாம். அப்படி எடுத்தால் கட்டடத்தின் காப்புத் தொகை ஆண்டுக்கு 10 சதம் தானாகக் கூடும். சிமெண்ட் விலை ஏறும் வேகத்துக்கு அது அவசியம்.

வாசகம் ஒன்று, பிரீமியத்திலும் பெரிய வித்தியாசமில்லை. அப்புறம் எதை வைத்துக் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது? சுவர் விழுந்த மறுநாள் அந்தக் கிராமத்துக்கு யார் வருவார்கள் என்பதை வைத்துத்தான். நான் விசாரித்ததெல்லாம் அதையே.

போன் செய்தால் முதலில் எடுப்பவர் பெங்களூர் அலுவலகத்துக்காரர். அவருக்கு ஜெயநகரில் அடுக்குமாடி என்றால் பழக்கம். ஊத்தங்கரை தாலுகா, ஓட்டு வீடு என்றதும் குரல் மாறும். ஒரு கம்பெனியில் பின்கோடு போட்டதும் ஆன்லைனில் பாலிசி கொடுக்கத் தயாராக இருந்தார்கள். வீடு எதனால் கட்டியது என்ற கேள்வியையே தாண்டிப் போயிற்று. அப்படி எளிதாகக் கிடைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. கூரையோ சுவரோ ஓலை, வைக்கோல், மூங்கில், தார்ப்பாய் மாதிரி பொருளால் ஆனதென்றால் அது ‘கச்சா’ கட்டுமானம் என்று பாலிசியிலேயே தனியாக வரையறுத்திருக்கிறார்கள். எங்கள் கொட்டகையில் பாதி ஓலை. அதை முதலிலேயே படிவத்தில் எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் சர்வேயர் வந்து பார்க்கும்போது வாயைத் திறக்க முடியாது. ஏரிக்கரை எவ்வளவு தூரம், முன்பு தண்ணீர் ஏறியிருக்கிறதா என்பதற்கும் அப்படித்தான். பிரீமியத்தில் நூறு ரூபாய் ஏறட்டும்.

அடுத்தது பூட்டு. பழைய தீ விபத்துப் பாலிசியில், கட்டடம் 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால், முன்கூட்டி ஒப்புதல் வாங்கியிருந்தாலொழிய, காப்பு நின்றுபோகும் என்று நிபந்தனை இருந்தது. ஊர் வீடுகள் எல்லாம் அந்த வகையில்தான் வரும். அதனால் ஒவ்வொரு கம்பெனியிடமும் ஒரே கேள்வியை மின்னஞ்சலில் கேட்டேன்: “வீடு பெரும்பாலும் பூட்டியிருக்கும், பக்கத்து வீட்டில் இருக்கும் சித்தப்பா தினமும் விளக்கேற்றிப் போவார், இந்த நிலையில் காப்பு உண்டா, இல்லையா?” போனில் எல்லோரும் “அதெல்லாம் பிரச்சினையில்லை சார்” என்றார்கள். எழுத்தில் பதில் சொன்னவர்கள் குறைவு. சொன்னவர்களை மட்டும் பட்டியலில் வைத்துக்கொண்டேன். என் வடிகட்டி அதுதான். அதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

திருட்டைப் பற்றியும் தெளிவாக இருங்கள். வெள்ளம், தீ போன்றவை நடந்து ஏழு நாளுக்குள் அதன் காரணமாகச் சாமான் திருட்டுப் போனால்தான் அடிப்படைப் பாலிசியில் காப்பு. சும்மா கிடக்கும் வீட்டில் பூட்டை உடைத்து அண்டாவைத் தூக்கிப் போனால் அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். பூட்டிய வீட்டுக்கு அதைக் கொடுக்கக் கம்பெனிகள் யோசிப்பார்கள். நாங்கள் பித்தளைப் பாத்திரங்களை சித்தப்பா வீட்டுக்கு மாற்றிவிட்டோம். அதற்குப் பிரீமியம் கிடையாது, சித்தி அதில் பொங்கல் வைக்கிறார்கள் என்பதைத் தவிர. கரையான் அரித்தது, ஓடு ஒழுகியது, நாள்பட்ட விரிசல் இவற்றுக்கு எங்கும் எதுவும் வராது. விற்பதற்காக அடுக்கி வைத்த புளி, நிலக்கடலை மூட்டை வீட்டுச் சாமானாகாது. கிணற்று மோட்டாருக்கும் மாட்டுக்கும் வேறு பாலிசிகள் இருக்கின்றன.

இனி சித்தப்பாவின் காது வில்லை. மாடு இறந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது வில்லையைத்தான். அது இல்லாவிட்டால் எந்த மாட்டுக்குப் பணம் தருவது என்பார். கிராமத்து வீட்டுக்கும் இதே தொல்லை. எங்கள் தெருவில் கதவிலக்கமே ஒழுங்காகக் கிடையாது. பட்டா தாத்தா பெயரில், மின் இணைப்பு அப்பா பெயரில், வீட்டு வரி ரசீது பெரியப்பா பெயரில். இதில் இன்சூரன்ஸ் யார் பெயரில்? வீடு போனால் யாருக்கு நஷ்டமோ அவருக்குத்தான் இன்சூரன்ஸ் செய்யும் உரிமை. பாகம் பிரிக்காத வீட்டை ஒருவர் பெயரில் மட்டும் போட்டுவிட்டு, பின்னால் பங்காளிகள் எதிர்த்தால் கிளெய்ம் கிடப்பில் போகும். நாங்கள் நத்தம் பட்டாவில் பெயர் மாற்றக் கொடுத்தோம்; வாரிசுச் சான்றிதழ் வாங்கினோம்; பெரியப்பா மகனையும் சேர்த்துக் கூட்டாகப் பாலிசி எடுத்தோம். தாலுகா அலுவலகத்துக்கு நடந்த நடை பெரிய கதை, அது இங்கே வேண்டாம். சர்வே எண், பட்டா எண், மின் இணைப்பு எண், நான்கு பக்கமும் எடுத்த போட்டோ இவை எல்லாவற்றையும் விண்ணப்பத்தோடேயே இணைத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினேன். 2024-இல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, ஆவணம் இல்லை என்பதற்காக மட்டும் கிளெய்மை நிராகரிக்கக் கூடாது. தேவையானதைப் பாலிசி எடுக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். சட்டம் நம் பக்கம் இருக்கட்டும், காகிதமும் நம் கையில் இருக்கட்டும்.

சர்வேயர் விஷயத்தில்தான் கம்பெனிகளின் நிறம் தெரியும். ஒரு லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட வீட்டுச் சேதம் என்றால் உரிமம் பெற்ற சர்வேயர் பார்த்தாக வேண்டும். கிளெய்ம் கொடுத்த 24 மணி நேரத்தில் அவரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அவர் அறிக்கை தர வேண்டும், அதிலிருந்து 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்பது இப்போதுள்ள விதி. எழுத்தில் அழகாக இருக்கிறது. 50 சென்டிமீட்டர் மழை பெய்து, தரைப்பாலம் மூழ்கி, நூறு வீட்டுக்காரர் ஒரே நேரத்தில் போன் செய்தால் எப்படி நடக்கும்? அந்த மழையில் எங்கள் பங்காளி ஒருவர் வீட்டில் பக்கச் சுவர் விழுந்தது. கடன் வாங்கிய வங்கி மூலம் பாலிசி இருந்தது. சர்வேயர் சேலத்திலிருந்து வருவதற்குள், குழந்தைகள் நடக்க வழி வேண்டும் என்று இவர் சேற்றையும் செங்கல்லையும் அள்ளிவிட்டார். எவ்வளவு உயரச் சுவர், எத்தனை அடி நீளம் என்பதற்குச் சாட்சியில்லாமல் போய், கேட்டதில் ஒரு பகுதிதான் வந்தது. அவர் பேரனின் செல்போனில், விளையாட்டாக எடுத்த ஒரு வீடியோ இருந்தது; அது இல்லாவிட்டால் அதுவும் வந்திருக்காது. நாடாவை வைத்துப் பிடித்து எடுத்த போட்டோ, நாள் தெரியும் வீடியோ, கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வரிச் சான்று. இதைச் செய்த பிறகு சுத்தம் செய்யுங்கள். இடிபாடுகளை அகற்றும் செலவுக்கும் கிளெய்ம் தொகையில் 2 சதம் வரை பாலிசியிலேயே இடம் இருக்கிறது.

அதனால் நான் கேட்ட இரண்டாவது கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உங்களுக்கு அலுவலகம் இருக்கிறதா, சர்வேயர் எந்த ஊரிலிருந்து வருவார்? சில தனியார் கம்பெனிகளின் செயலி பிரமாதம், வீடியோ காலிலேயே சேதத்தைப் பார்க்கிறோம் என்கிறார்கள். எங்கள் ஊரில் மழை பெய்தால் முதலில் போவது டவர். சித்தப்பா பஸ் ஏறிப் போய் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து தமிழில் பேசக்கூடிய ஓர் அலுவலகம் எனக்குப் பெரிதாகப் பட்டது. கடைசியில் ஓர் அரசு நிறுவனத்தின் கிருஷ்ணகிரிக் கிளையில் எடுத்தேன். அரசு நிறுவனங்கள் நான்கில் மூன்று, கடன்தீர்க்கும் திறனைக் காட்டும் சால்வென்சி விகிதம் 1.5 இருக்க வேண்டும் என்ற வரம்புக்குக் கீழே சில ஆண்டுகளாகவே இருக்கின்றன என்று என் மைத்துனர் எச்சரித்தார். உண்மைதான், ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆண்டறிக்கையிலேயே அந்த எண்கள் இருக்கின்றன. பின்னால் அரசு நிற்கிறது என்பதால் என் சிறிய வீட்டுக்கு அது எனக்குக் கவலையாகத் தெரியவில்லை. பணக்கணக்கை முதலில் பார்ப்பவருக்கு வேறு முடிவு சரியாக இருக்கலாம். நகரத்துக்கு அருகே, நல்ல சிக்னல் உள்ள ஊரில், ஆள் குடியிருக்கும் வீடு என்றால் நானே தனியாரிடம் போயிருப்பேன்.

வீட்டுக் கடன் உள்ளவர்களுக்கு ஒன்று. வங்கி காட்டும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. வங்கிக்கு வேண்டியது பாலிசியில் தன் பெயர் இருப்பது. அங்கே எடுத்தாலும் காப்பு கடன் பாக்கிக்கா, கட்டடம் முழுவதுக்குமா என்று பாருங்கள். பங்காளி வீட்டில் அந்தக் காகிதத்தையே யாரும் பார்த்ததில்லை, வங்கியில் இருந்தது.

தகராறு வந்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் திருப்தியில்லையென்றால், இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளர். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் வரையிலான வழக்கைக் கேட்பார். தமிழ்நாட்டுக்குச் சென்னையிலும் கர்நாடகத்துக்கு பெங்களூரிலும் அலுவலகம். வீடு தமிழ்நாட்டில் இருந்தாலும், புகார் தருபவர் குடியிருக்கும் இடத்தை வைத்தும் மனு கொடுக்கலாம் என்று விதி இருப்பதால் ஒக்கலிபுரத்துக்காரர் ஜே.பி. நகருக்கு பஸ் ஏறினால் போதும். அதற்கு உங்கள் பெங்களூர் முகவரி பாலிசியில் தபால் முகவரியாக இருந்தால் வசதி. வீட்டு முகவரியையும் தபால் முகவரியையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கிளார்க் இரண்டிலும் ஒன்றையே அடித்துவிடுவார், பார்த்து வாங்குங்கள்.